இயற்கை வடிகட்டி என்று சொல்லிப் பூச்சட்டிச் செடியை விற்றார்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், செடி வாங்கப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டியும் 14 கப்பி மீன்களும் வாங்கினோம். "மோட்டார் வடிகட்டி எதற்கு அக்கா? கரண்டுதான் வீண். இந்தச் செடிகளே தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும்" என்று கடைக்காரர் 5 வகைச் செடிகளைச் சரளைக்கல்லில் நட்டுக் கொடுத்தார். மொத்தம் 180 வெள்ளி.

இரண்டாம் வாரம் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கியது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று 3 செத்தன, மறுநாள் 8. மகள் அழுத அழுகையைச் சொல்லி மாளாது.

வெள்ளைக் கோடு போட்ட நீள இலைச் செடியைப் பிடுங்கினேன். அடிப்பகுதி விரல் பட்டதும் கூழாகிக் கையோடு வந்தது; சாக்கடை நாற்றம். அது தரைச் செடி. சீனப் பெருநாளுக்குக் கடைகடையாக விற்கிற அதிர்ஷ்ட மூங்கிலும் உள்ளே மஞ்சளடித்து நின்றது. அதற்கு வேர் தண்ணீரில் இருக்கலாம்; இலையையும் சேர்த்து மூழ்கடித்தால் நாளடைவில் அழுகிவிடும். ஐந்தில் ஒன்றுதான் உண்மையான நீர்ச்செடி.

செடி தண்ணீரைச் சுத்தப்படுத்தும் என்பது பொய்யல்ல. மீன் செவுள்வழி வெளியேற்றும் அம்மோனியாவை நீர்ச்செடி உரமாக உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் செழித்து வளர்ந்தால்தான் உறிஞ்சும். அழுகுகிற செடி தானே அம்மோனியாவைக் கூட்டும். அந்த நஞ்சை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, புதுத் தொட்டியில் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அவை நன்றாகக் குடியேறும் இடம் வடிகட்டியின் பஞ்சு. அதைத்தான் அவர் வேண்டாம் என்றார்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "தீனி அதிகம் போட்டிருப்பீர்கள்" என்றார். காலையில் ஒரு சிட்டிகைக்கு மேல் நாங்கள் போட்டதே இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன்: அதே கோடு போட்ட செடி, கடை வாசல் நடைபாதையில் (அஞ்சடியில்), பூச்சட்டியில், காய்ந்த மண்ணில் நிற்கிறது. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

வாங்கும்போது செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீருக்குள்ளேயே வளர்ந்த செடி பெரும்பாலும் துவண்டு தொங்கும். வேலம்பாசி என்ற நீர்ச்செடி மலிவு, வேகமாக வளரும். மணி பிளாண்ட் என்றால் வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே. எதை வைத்தாலும் பஞ்சு வடிகட்டியை நிறுத்தாதீர்கள்.

ரசீதும் கேட்டு வாங்குங்கள், நான் வாங்கவில்லை. ஆனாலும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், அடுத்த வாரம் போடப் போகிறேன். தொட்டியின் படங்கள் இருக்கின்றன. அழுகிய செடியை ஒரு பாட்டிலில் மூடி வைத்திருக்கிறேன்.