நோவா 4200இ: தொட்டிக்கரியின் துளைகளை அளக்க இது போதுமா?

வாயுவைத் துளைகளில் ஒட்டவைத்து, ஒட்டிய அளவிலிருந்து பரப்பையும் துளைகளையும் கணக்கிடும் கருவி இது, குவாண்டாகுரோம் தயாரித்தது. அந்நிறுவனம் 2018-இல் ஆன்டன் பார் வசம் போனது. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்து ஆக்டிவேட்டட் கார்பன் ஆலையின் தரச் சோதனைக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் நைட்ரஜனை மட்டும் நம்பி வாங்கினால் பாதிக் கருவிதான் வாங்கியதாகும்.

தேங்காய்த் தொட்டிக்கரியில் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகள். 77 கெல்வினில் நைட்ரஜன் அவற்றுள் மிகக் குறுகியவற்றை நிரப்புவது சார்பழுத்தம் (வாயுவின் அழுத்தம், அந்த வெப்பநிலையில் அது திரவமாகும் நிறைவழுத்தத்தில் எத்தனை பங்கு என்பது) 0.0000001 முதல் 0.00001 வரை இருக்கும்போது. ரோட்டரி பம்பும் 1000 டார் (760 டார் ஒரு வளிமண்டல அழுத்தம்) சென்சாரும் அங்கே எட்டாது. 0 டிகிரியில், பனிக்கட்டித் தண்ணீரில் செல்லை (மாதிரி இருக்கும் கண்ணாடிக் குழாயை) வைத்து கார்பன் டை ஆக்சைடு ஓட்டுங்கள். அதன் நிறைவழுத்தம் சுமார் 26,000 டார் என்பதால் 760 டாரிலும் சார்பழுத்தம் 0.03-தான். 1 நானோமீட்டருக்குக் குறைந்த துளைகளை இதே சென்சார் நன்றாகவே காட்டும். வாயுவும் சுறுசுறுப்பாக உள்ளே போகும்.

செல்லின் வெற்றிடத்தை ஹீலியத்தால் அளப்பது வழக்கம்; இந்தக் கருவி ஹீலியம் இல்லாமல் அளப்பது கரிக்கு உண்மையிலேயே வசதி. குறுந்துளையில் ஹீலியம் சிக்கிக்கொண்டால் அழுத்தத்துக்கு எதிராக ஒட்டிய வாயுவைக் காட்டும் வளைவின் தொடக்கமே கோணும். இங்கே வெற்றுச் செல்லின் கொள்ளளவை முன்பே அளந்து, மாதிரியின் பருமனைக் கழிக்கிறார்கள். ஆகவே மென்பொருளின் அடர்த்திக் கட்டத்தில் துளைகளைச் சேர்க்காத உண்மை அடர்த்தி, 2-ஐ ஒட்டிய எண், வர வேண்டும். மூட்டையில் அச்சிட்ட, துளைகளும் இடைவெளியும் சேர்ந்த அடர்த்தியான 0.5-ஐப் போட்டால் வளைவின் மேல்முனை தூக்கும்.

மாதிரி 0.1 கிராம் போதும். 1 மில்லிகிராம் பிசகினால் முடிவில் 1 சதவீதம் போய்விடும் என்பதால் எடையை வாயு நீக்கிய பிறகே (கரியில் ஏற்கெனவே ஒட்டிய ஈரத்தையும் வாயுவையும் விரட்டிய பிறகே) எடுங்கள். முதலில் 100 டிகிரியில் ஈரத்தை விரட்டி, பிறகு 300 டிகிரியில் இரவு முழுக்க வெற்றிடத்தில் விடுங்கள். எடுத்த எடுப்பில் 300 வைத்தால் நீராவி தூளைத் தூக்கி வால்வில் அடைக்கும். கழுத்தில் கண்ணாடிப் பஞ்சு வையுங்கள். ரசாயனம் ஊட்டிய கரிக்கு இந்தச் சூடு ஆகாது.

கருவியைவிட மென்பொருள்தான் ஆளைக் கவிழ்க்கும். பரப்பளவைத் தரும் பி.இ.டி. கணக்குக்கு வழக்கமான 0.05–0.30 சார்பழுத்த எல்லை இந்தக் கரிக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கில் வரும் மாறிலியான 'சி' மதிப்பு எதிர்மறையாக வந்தால் எல்லையைக் கீழே இறக்குங்கள், பெரும்பாலும் 0.1-க்குள் முடியும். எந்த அகலத்தில் எவ்வளவு துளை என்ற துளைப் பரவலுக்கு பி.ஜே.எச். கணக்குமுறை வேண்டாம். அழுத்தத்தைக் குறைக்கும்போது வாயு வெளியேறும் வளைவில் 3.8 நானோமீட்டர் அருகே எழும் கூர்முனை துளையல்ல, 0.42 சார்பழுத்தத்தில் நைட்ரஜன் திரவம் அறுந்துபோவதன் நிழல். மென்பொருளில் கார்பனுக்கான க்யூ.எஸ்.டி.எஃப்.டி. கணக்குமுறையை எடுங்கள், பழைய முறையான என்.எல்.டி.எஃப்.டி. 1 நானோமீட்டரில் இல்லாத பள்ளத்தைக் காட்டும்.

வாயு ஏறும் வளைவும் வெளியேறும் வளைவும் குறைந்த அழுத்தத்துக்கு வந்தும் சேரவில்லையா? வாயு நீக்கம் போதவில்லை, அல்லது சமநிலைக்குக் கொடுத்த நேரம் குறைவு. இன்னொரு சரிபார்ப்பு காகிதத்திலேயே ஆகும்: மேல்முனையில் கிராமுக்கு 350 சி.சி. நைட்ரஜன் வாயு என்றால், வாயுவைத் திரவமாக மாற்றும் 0.001547-ஆல் பெருக்க, மொத்தத் துளைக் கொள்ளளவு கிராமுக்கு 0.54 சி.சி. வர வேண்டும். அறிக்கையில் வேறு எண் நின்றால் அதை விலைப்பேச்சுக்குக் கொண்டுபோகாதீர்கள்.