உயிரித்தொழில்நுட்ப அனுமதி வேலை: கன்சல்டன்டா, சொந்த ஆளா?

சென்னையில் தரமணியிலும் சிறுசேரியிலும் புதிதாக ஆய்வகம் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் கேள்வி இது. அரசு அனுமதி வேலையை வெளியே ஒரு கன்சல்டன்டிடம் கொடுப்பதா, உள்ளேயே ஒருவரைப் பழக்குவதா? மரபணு மாற்றிய ஈஸ்டில் நொதி தயாரிக்கும் எங்கள் சிறு நிறுவனம் சொந்த ஆள் பக்கம் போனது. ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நுண்ணுயிரியல் பட்டதாரிக்கே அந்தப் பொறுப்பைக் கொடுத்தோம்.

கன்சல்டன்டின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. படிவங்கள் அத்துபடி, வேலை வேகம், மாதச் சம்பளம் கிடையாது. முதல் அனுமதியை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர்தான் லாபம்.

ஆனால் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்தான் இந்தத் துறைக்கு அடிப்படை. அந்த விதிகளின்படி மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளும் ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் உயிரிப் பாதுகாப்புக் குழு, அதாவது ஐ.பி.எஸ்.சி., இருக்க வேண்டும். விஞ்ஞானிகள், ஒரு மருத்துவர், மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவர் எல்லாம் அதில் உண்டு. கூட்டம் போட வேண்டும், மினிட்ஸ் எழுத வேண்டும், மேலே ஆர்.சி.ஜி.எம்.முக்கு, அதாவது மரபணு மாற்ற ஆய்வுகளைக் கவனிக்கும் மத்திய அரசுக் குழுவுக்கு, அறிக்கை போக வேண்டும். இது வருஷா வருஷம் ஓடுகிற வேலை.

இதற்கு நடுவில் ஆய்வகம் மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் பிளாஸ்மிட்டை, அதாவது மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டி.என்.ஏ. வளையத்தை, மாற்றுவார். இன்னொருவர் அதிக ஆபத்துப் பிரிவில் உள்ள நுண்ணுயிரியின் மரபணுவைச் சேர்க்க நினைப்பார். உற்பத்திப் பிரிவு 10 லிட்டர் ஃபெர்மென்டரிலிருந்து (நுண்ணுயிரி வளர்க்கும் கலம்) 30 லிட்டருக்குப் போகலாம் என்று கேட்கும். வழிகாட்டு நெறிகளில் 20 லிட்டரைத் தாண்டினாலே பெரிய அளவு என்று கணக்கு. இப்படி ஒவ்வொரு மாற்றத்திலும் சோதனையின் வகை மாறலாம், வேலை தொடங்கும் முன்பே அனுமதி தேவைப்படலாம். உள்ளே இருப்பவருக்கு இது டீ நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். கன்சல்டன்டுக்கோ யாராவது சொன்னால்தான் தெரியும், அவசரத்தில் யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் கன்சல்டன்ட் விலகியதும் பழைய கடிதப் போக்குவரத்தெல்லாம் அவருடைய மெயிலிலேயே தங்கிவிட்டது. ஃபைலை அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

சரி, சொந்த ஆளுக்குச் சந்தேகம் வந்தால்? உயிரித்தொழில்நுட்பத் துறையின் கீழ் உள்ள அரசு நிறுவனமான பைராக்கின் ஃபர்ஸ்ட் ஹப் என்ற உதவி மையம் ஸ்டார்ட்அப்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே இருக்கிறது. விண்ணப்பத்தை நமக்காக எழுதித் தராது, வழி சொல்லும். பேட்டன்ட், உயிரி வளம் என்று வந்தால் தேசிய பல்லுயிர் ஆணையம் தரமணி டைசல் பார்க்கிலேயே இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

சொந்த ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பது நியாயமான பயம். அதனால்தான் கூட்டங்களில் இன்னொருவரையும் உட்கார வைக்கிறோம், ஃபைல் எல்லாம் பொது ஃபோல்டரில் இருக்கிறது. இந்த ஏற்பாடு தாங்குமா என்று சோதித்துப் பார்க்கும் நிலை எங்களுக்கு இன்னும் வரவில்லை.

மனிதர்களிடம் மருந்துச் சோதனை, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ. என்று போகிறவர்களுக்கு என் அனுபவம் போதாது. அந்தக் கட்டம் எங்களுக்கு வந்தால் அதற்கு மட்டும் கன்சல்டன்டை அமர்த்துவேன். அப்போதும் முதல் வரைவை எங்கள் ஆள்தான் எழுதுவார், விண்ணப்பம் போடும் அரசு போர்ட்டலின் பாஸ்வேர்டும் எங்களிடம்தான் இருக்கும்.