தோட்டத்து ஆபீஸ் குளிருக்கு சூரிய வெப்பமா, சூரிய கரண்டா?

இங்கிலாந்துல ரெடிங் பக்கம் இருக்கேன், வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல 3 மீட்டருக்கு 4 மீட்டர்ல ஒரு மர ரூம், அதான் என் ஆபீஸ். முதல் குளிர்காலம் ரெண்டு சாக்ஸ் மேல சாக்ஸ், மடியில வெந்நீர் பை, இப்படித்தான் ஓடுச்சு, ஒரு மீட்டிங்ல என் ஜாக்கெட்டப் பாத்துட்டு மேனேஜர் வெளிய நிக்கிறீங்களான்னு கேட்டுட்டார்.

கோயம்புத்தூர்ல அம்மா வீட்டு மொட்டை மாடியில ட்யூப் வெச்ச சோலார் ஹீட்டர் இருக்கு, மார்கழியில கூட தண்ணி கொதிக்கும், பச்சைத்தண்ணி கலக்காம குளிக்க முடியாது. அதே மாதிரி ஒண்ண இங்க மாட்டினா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆனா டிசம்பர் கடைசியில கோவையில மத்தியான சூரியன் 55 டிகிரி உயரத்துல நிக்கும், இங்க வெறும் 15 டிகிரி, பக்கத்து வீட்டு கூரைய தாண்டி எட்டிப்பாக்கறதுக்கே மதியம் ஆயிடும், நாலு மணிக்கு இருட்டிடும். லண்டன் வட்டாரத்துல டிசம்பர் மாசம் முழுக்கக் கூட்டினா வெயில் அடிக்கிற நேரம் 50, 60 மணிதான் தேறும்.

எந்த ஹீட்டர்னு பேசறதுக்கு முன்னாடி ரூம் எவ்வளவு சூட்ட விடுதுன்னு கணக்கு போட்டேன். வெளிய 4 டிகிரி, உள்ள 19 வேணும்னு வெச்சுக்கோங்க. வெறும் பலகை சுவரும் ஒத்தைக் கண்ணாடியும்னா இந்த சைஸ் ரூமுக்கு கிட்டத்தட்ட 2 கிலோவாட் போயிட்டே இருக்கும். சுவர், கூரை, தரை மூணுலயும் 70, 80 மில்லி பிஐஆர் போர்டு (நம்ம தெர்மாகோலோட பணக்கார அண்ணன்), டபுள் கிளேசிங், இடுக்கெல்லாம் ஃபாயில் டேப், இவ்வளவும் பண்ணா 400 வாட்டுல நின்னுடும். அதுல ஒரு ஆள் உக்காந்திருந்தாலே 100 வாட் வந்துடும். இத செய்யாம சோலார் பத்தி பேசறது ஓட்டைக் குடத்துக்கு தங்க மூடி தேடற கதை.

சரி, முதல் ஆப்ஷன், சோலார் ஏர் பாக்ஸ். தெற்கு பாத்த சுவர்ல ஒரு மரப்பெட்டி, முன்னாடி பாலிகார்பனேட் ஷீட், உள்ள கறுப்பு பெயின்ட் அடிச்ச கொசு வலை ரெண்டு லேயர், கீழ ஒரு ஓட்டை மேல ஒரு ஓட்டை, ரூம் காத்து கீழ உள்ள போயி சூடாகி மேல வெளிய வரும், அவ்வளவுதான் டெக்னாலஜி. நானே செஞ்சேன், மொத்தம் 2 சதுர மீட்டர், 150 பவுண்டுக்குள்ள முடிஞ்சுது. பழைய கம்ப்யூட்டர் ஃபேன நேரா ஒரு சின்ன 10 வாட் பேனலோட கோத்துட்டேன், வெயில் வந்தா ஓடும், மேகம் வந்தா நிக்கும், சுவிட்சும் வேணாம் கன்ட்ரோலரும் வேணாம், இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

மீதியெல்லாம் சொதப்பல். பெயின்ட் சரியா காயறதுக்கு முன்னாடி மாட்டிட்டேன், ரெண்டு வாரம் ரூம் முழுக்க பெயின்ட் நாத்தம், தலைவலி. அப்புறம் காலையில போனா ரூம் முன்ன இருந்தத விட ஜில்லுன்னு இருக்கு, ஏன்னு புரியல, ஒரு நாள் ராத்திரி கீழ் ஓட்டைகிட்ட கை வெச்சுப் பாத்தா ஐஸ் காத்து ஊதுது. ராத்திரி பெட்டிக்குள்ள காத்து குளுந்து கனமாகி கீழ இறங்கி ரூமுக்குள்ள வருது, ரூமோட சூடு மேல் ஓட்டை வழியா உள்ள போகுது, அதாவது பகல்ல செஞ்ச வேலைய அப்படியே திருப்பி செய்யுது. மளிகைப் பையோட மெல்லிசு பிளாஸ்டிக்க வெட்டி கம்பி வலை மேல ஒரு பக்கம் மட்டும் ஒட்டி விட்டேன், ஒரு திசையில தெறக்கும் மறு திசையில ஒட்டிக்கும், அதோட சரியாச்சு.

பலன் என்னன்னா, நல்ல வெயில் அடிக்கிற குளிர்கால மத்தியானம் 600 வாட் வரைக்கும் தருது, ஹீட்டர் தேவையே இல்ல. மேகம் மூடின நாள்ல சுத்தமா பூஜ்யம். மார்ச், அக்டோபர்ல ராஜா, எனக்கு வேணுங்கற டிசம்பர் ஜனவரியில ஆள் லீவு.

இந்த ஐடியா புதுசும் இல்ல, 1881லயே அமெரிக்காவுல எட்வர்ட் மோர்ஸ் பேடன்ட் எடுத்துட்டார், 1967ல ஃபிரான்ஸ்ல ஓடெயோங்கற மலை ஊர்ல ஃபெலிக்ஸ் த்ரோம்ப் இதே கணக்குல கனமான சுவரு வெச்சு வீடு கட்டினார். லடாக்குல இந்த மாதிரி சுவர் நல்லா வேலை செய்யுதுன்னு நம்மாளுங்க அடிக்கடி உதாரணம் காட்டறாங்க, ஆனா அங்க குளிரும் உண்டு வெயிலும் உண்டு, இங்க குளிரு மட்டும்தான்.

ரெண்டாவது, தண்ணி சிஸ்டம், அம்மா வீட்டு ஹீட்டரோட பெரியண்ணன். கூரையில ட்யூப், பம்ப், டேங்க், தரைக்கடியில பைப். இதுல ஒரே நல்லது சேமிப்பு: 100 லிட்டர் தண்ணிய 30 டிகிரி ஏத்தினா 3.5 யூனிட் சூடு பிடிச்சு வெச்சிருக்கும், சாயங்காலத்துக்கு ஆகும். ஆனா குளிர்ல உறையாம இருக்க தண்ணியோட கிளைகால்ங்கற திரவம் கலந்து ஊத்தணும், கோடையில சூட்ட வாங்க ஆளில்லாம ட்யூப் 200 டிகிரிக்கு மேல போயி கிளைகால் கெட்டுப்போகும். எனக்கு வந்த கொட்டேஷன் 4,000 பவுண்டுக்கு மேல. ஒத்தை ரூமுக்கு இது யானையக் கட்டித் தீனி போடற வேலை.

மூணாவது, கூரையில சோலார் கரண்ட் பேனல், உள்ள ஒரு ஸ்ப்ளிட் ஏசி. வெப்ப பேனல் வெயில்ல பாதிக்கு மேல சூடா மாத்துது, கரண்ட் பேனல் வெறும் 20 சதவீதம்தானே, இது எப்படி ஜெயிக்கும்னு நானும் ரொம்ப நாள் வாதாடினேன். ஆனா ஏசிய ஹீட் மோட்ல போட்டா 1 யூனிட் கரண்டுக்கு, வெளிக்காத்துலருந்து இழுக்கற சூட்டையும் சேத்து சுமாரா 3 யூனிட் சூடு குடுக்கும், 20ஐ மூணால பெருக்குங்க, 60. சமமாயிடுச்சு! அதோட மேகமான நாள்ல வீட்டு லைன்லருந்து கரண்ட் எடுத்துக்கலாம், ஜூலையில அதே மெஷின் கூலிங், மிச்ச கரண்ட் வீட்டுக்கு, அதுவும் போக மிஞ்சினா கிரிட்டுக்கு விக்கலாம். சூட்ட யாருக்கு விப்பீங்க?

நாலாவது யாரும் மதிக்காத ஆயில் ரேடியேட்டர், அதாவது உள்ள எண்ணெய் அடைச்ச சாதா கரண்ட் ஹீட்டர், 50 பவுண்டுல முடிஞ்சுது. இன்சுலேஷன் ஒழுங்கா இருந்தா ஒரு நாளைக்கு 4 யூனிட், யூனிட் 25 பென்ஸ்னா 1 பவுண்ட், வாரம் அஞ்சு நாள் 20 வாரம்னா ஒரு சீசனுக்கு 100 பவுண்ட். அப்படின்னா அந்த 4,000 பவுண்ட் தண்ணி சிஸ்டம் காச திருப்பி எடுக்க 40 வருஷம், அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆகி கோவைக்கே போயிடுவேன். உண்மையச் சொன்னா ஏசியும் சூட்டுக்கு மட்டும் வெச்சா கணக்கு உதைக்கும், கோடையில அந்த மர ரூமுக்குள்ள 34 டிகிரி ஏறினதாலதான் நான் வாங்கினேன்.

கையில காசு கம்மின்னா மொத்தத்தையும் பிஐஆர் போர்டுல போட்டுட்டு ஆயில் ரேடியேட்டரோட நிறுத்துங்க. கூரை காலியா இருக்கு, கோடையிலயும் அங்கயே வேலைன்னா பேனலும் ஏசியும். ஏர் பாக்ஸ் கை அரிக்கிறவங்களுக்கு, ஒரு வீக்கெண்ட் நல்லா போகும். என் பெட்டி இன்னும் சுவர்லதான் இருக்கு, மே மாசம் வந்ததும் ரெண்டு ஓட்டையும் அடைச்சு மேல பழைய வேட்டி ஒண்ண போத்தி வெக்கறேன், பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப் போட்டிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு மழை தூறினா கூப்பிட்டு சொல்றார்.