புரூஸ் லீ டிவிடி வாங்குகிறவர்கள் நெடிலைப் பார்த்து வாங்குங்கள்

கோபத்தில் டைப் அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழையில்தான் எனக்கு 1,650 ரூபாய் போச்சு.

பழைய சினிமா டிவிடி விற்கும் ஆன்லைன் பக்கம் ஒன்று. "புரூஸ் லி நடித்த அபூர்வப் படங்கள், 3 டிஸ்க், 1,650 மட்டும்" என்று விளம்பரம். 'லி' குறிலில் இருந்தது கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் தமிழை எவன் ஒழுங்காக அடிக்கிறான் என்று நானே மனதுக்குள் திருத்திப் படித்துக்கொண்டேன். அப்பாவின் பிறந்தநாளுக்கு என்றேன். உடனே வாய்ஸ் மெசேஜ்: "நானே போட்டுப் பார்த்துட்டுதான் சார் அனுப்புவேன், எங்கப்பாவும் பெரிய ரசிகர்." அந்த 'எங்கப்பாவும்'தான் என்னைக் கவிழ்த்தது. கேஷ் ஆன் டெலிவரி கிடையாது என்றபோதுகூட உறைக்கவில்லை.

முதல் டிஸ்க்கைப் போட்டோம். மஞ்சள் டிராக் சூட், கட்டைவிரலால் மூக்கைத் தேய்ப்பது, கறுப்புக் கண்ணாடி, எல்லாம் உண்டு. ஒரு கிடங்கில் சண்டை. காலைத் தூக்குவதற்குள் அடிச்சத்தம் வந்துவிடுகிறது. படியில் உருண்டு செத்த அடியாள், அடுத்த சண்டையில் மீசை ஒட்டிக்கொண்டு வருகிறான். அப்பா பத்து நிமிடம் பொறுத்தார். "இது லீ இல்லடா."

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1973 ஜூலையில் லீ 32 வயதில் இறந்ததும், ஹாங்காங், தைவான் தயாரிப்பாளர்கள் அவர் சாயலில் ஆள் பிடித்து, புரூஸ் லி, புரூஸ் லே என்று பெயர் வைத்து மலிவுப் படங்களாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். 'லி' என்பவர் ஹோ சுங்-தாவ் என்ற தைவான்காரர். பாவம், நன்றாகவே உதைக்கிறார். அவர் மேல் கோபமில்லை. லீ பாதியில் விட்டுப்போனதை டூப் வைத்து முடித்து 1978இல் வந்த படம் 'கேம் ஆஃப் டெத்'. அதில், கண்ணாடியில் லீயின் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டி ஒப்பேற்றிய ஷாட் உண்டு. அதிலாவது கடைசியில் நிஜ லீ கொஞ்ச நேரம் வருகிறார். என் 1,650 ரூபாயில் அவர் ஒரு நொடிகூட இல்லை.

விற்றவனிடம் கேட்டதற்கு முதலில் "ஓனர்கிட்ட சொல்றேன் சார்." இரண்டு நாள் கழித்து, "டிஸ்க் ஓடுதுல்ல சார்?" கடைசியில், "நாங்க லினுதானே போட்டிருக்கோம், நீங்க லீனு படிச்சா நாங்க என்ன பண்றது?" அதோடு பிளாக்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. முன்பணம் அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஹீரோவாக லீ முழுசாக முடித்த குங்ஃபூ படம் நாலே நாலுதான். 'அபூர்வம்' என்றாலே உஷார்.

மற்ற இரண்டு டிஸ்க் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. அந்த மீசைக்காரன் அதிலும் வருகிறானா என்று பார்க்க வேண்டுமாம் அப்பாவுக்கு.