தானாக அணையும் கணினி: சூடா, எஸ்எம்பிஎஸ்ஸா?

வேலை செய்துகொண்டிருக்கும்போதே வீட்டுக் கணினி பொட்டென்று அணைந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இரண்டைத்தான்: ப்ராசஸரின் சூடு, அல்லது எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி). விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் தெரியும் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இதைப் பிரித்துச் சொல்லாது. கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

சூடு என்றால் பெரும்பாலும் முன்னறிகுறி இருக்கும். விசிறி இரையும், வேகம் குறையும், அப்புறம்தான் அணையும். உடனே மறுபடி போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் அணையும். அரை மணி நேரம் ஆறவிட்டால் கொஞ்சம் தாங்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) அல்லது ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற மென்பொருளில் ப்ராசஸரின் வெப்பநிலையைப் பாருங்கள். 100 டிகிரியை நெருங்கினால், ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கின் தூசியைச் சுத்தம் செய்து, இரண்டுக்கும் நடுவே பூசியிருக்கும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்தான் செலவு. தூசி ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் அப்படியில்லை. வெப்பநிலை 60 டிகிரியில் இருக்கும்போதே, கேம் தொடங்கி கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை இழுக்கும் நொடியில் சட்டென்று நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட் இணைப்பு 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மென்பொருள் காட்டும் வோல்ட் அளவை அப்படியே நம்ப வேண்டாம். நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை. தயவுசெய்து எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்து மட்டும் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும், மின்சாரத்தைச் சேமிக்கும் கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

நான் எப்போதும் சூட்டிலிருந்துதான் தொடங்குவேன். புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கும் செலவை அரை மணி நேரத் துப்புரவு மிச்சப்படுத்தலாம்.