செட்டிநாட்டு வீட்டில் எலி: மருந்தா, பொறியா, அடைப்பா?

எலிமருந்து வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மருந்தைத் தின்ற எலி எங்கே போய்ச் சாகும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். கான்கிரீட் வீட்டில் பரண்மேலோ பீரோவுக்குப் பின்னாலோ கிடக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் அது மரத்தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவிலோ, சாவி வெளிநாட்டில் இருக்கிற பங்காளியின் அறைக்குள்ளோ கிடக்கும். நாற்றம் இரண்டு வாரத்துக்குக் குறையாது. மரத்தைப் பிரிக்காமல் எடுக்கவும் முடியாது. எந்த வழியை எடுப்பது என்ற கேள்விக்கு இங்கே பாதி பதிலை வீட்டின் கட்டுமானமே சொல்லிவிடுகிறது.

வந்திருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். கைமரத்திலும் உத்தரத்திலும் ஓடுவது வீட்டெலி. உடம்பைவிட வால் நீளம், புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், முனை கூர்மையாக இருக்கும். அரிசி அளவுப் புழுக்கை என்றால் சுண்டெலி. பின்கட்டிலும் கிணற்றடியிலும் மண்ணைக் குவித்து வளை தோண்டுவது பெருச்சாளி. கீச்சுக் கீச்சென்று சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலியே அல்ல. அது கரப்பான் தின்னும், அதை விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் சாயங்காலம் சுவரோரம் கோலமாவை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் காலடித் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு தெரியும். அந்தக் கோடு எந்தத் தூணிலிருந்து தொடங்குகிறது, எந்த மூலையில் மறைகிறது என்று பார்த்தாலே பொறி வைக்கும் இடம் தெரிந்துவிடும்.

மருந்து

கடையில் கிடைப்பவை எல்லாம் ஒரே சரக்கல்ல. புரோமடியோலோன் 0.005 சதவீதக் கட்டி ரத்தம் உறையவிடாமல் செய்வது. எலி தின்று நாலு முதல் ஏழு நாளில் சாகும். தாமதம்தான் அதன் பலம்: தின்றதற்கும் செத்ததற்கும் முடிச்சுப் போட முடியாததால் மற்ற எலிகள் உஷாராவதில்லை. துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்தில் கொல்லும். ஆனால் கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. அதனால் இரண்டாம் முறை வைத்தால் பெரும்பாலும் வீண்தான். மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது, விழுங்கியவர் ஒன்றிரண்டு நாள் தெம்பாக இருந்துவிட்டுக் கல்லீரல் கெட்டுப் போவார். வீட்டில் பழைய டியூப் எங்காவது கிடந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். தானியக் கிட்டங்கிக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டுக்குள் வரவே கூடாது. ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும், அது தூங்குகிறவர்களைக் கொல்லும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலிமருந்தால் இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். சாளரத்தை மூடி ஏ.சி. போட்ட அறையில் எந்த எலிமருந்தும் வேண்டாம்.

ஆக மருந்துக்கு ஒரே இடம்தான் உண்டு: வீட்டுக்கு வெளியே, பெருச்சாளி வளையோரம், பூட்டுள்ள இரைப்பெட்டிக்குள் புரோமடியோலோன் கட்டி. வளைகள் எல்லாவற்றையும் சாயங்காலம் மண்ணால் மூடுங்கள், காலையில் திறந்திருப்பவற்றில்தான் ஆள் இருக்கிறது. அவற்றின் பக்கத்தில் மட்டும் பெட்டி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து, தின்றதை நிரப்பி, பத்துப் பதினைந்து நாள் தொடர வேண்டும். பாதியில் விட்டால் மிச்சமிருப்பவை பெருகிவிடும். செத்ததைத் தேடி எடுத்து ஆழமாகப் புதையுங்கள். மருந்து தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் சாரையும் பூனையும் சேர்ந்து போகும். எலிக்கு எதிராகச் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவை அவைதான்.

பிள்ளைகள் யாராவது வாயில் வைத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். புரோமடியோலோனுக்கு வைட்டமின் கே1 மாற்றுமருந்தாக உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. எந்த மருந்து என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம் மாறுகிறது.

பொறி

வீட்டுக்குள் என்றால் நாங்கள் சொல்வது அடிக்கும் பொறிதான். மரப்பலகையில் வில் வைத்த சாதாரணப் பொறி. செத்தது கண்முன்னே கிடக்கும், நாற்றப் பயமில்லை. பலருக்கும் இது தோற்பதற்குக் காரணம் எண்ணிக்கை. ஒரே ஒரு பொறியை அடுப்படி நடுவில் வைத்துவிட்டு எலி புத்திசாலி என்பார்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும், புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். அதனால் பத்துப் பன்னிரண்டு பொறியாவது வாங்கி, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி, சுவருக்குக் குறுக்காக, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். முதல் மூன்று நாலு ராத்திரி வில்லை ஏற்றாமல் இரை மட்டும் வையுங்கள். அது பழகித் தின்னத் தொடங்கியதும் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள்.

இரைக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, கடலைமிட்டாய் மூன்றில் எது முதலில் தீர்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வீட்டு எலிக்கும் ருசி வேறு. கொக்கியில் நூலால் கட்டிவிடுங்கள், சும்மா செருகினால் லாவகமாக உருவிக்கொண்டு போய்விடும். உத்தரத்தில் வைக்கும் பொறியைக் கம்பியால் கட்டாவிட்டால் அரைகுறையாக மாட்டிய எலி அதையும் இழுத்துக்கொண்டு மரத்தளத்துக்குள் போகும்.

கூண்டு பார்க்க இரக்கமாகத் தோன்றும். மாட்டியதை என்ன செய்வது என்று முன்பே முடிவெடுக்காதவர்கள் ஊருணிக் கரையில் திறந்துவிடுகிறார்கள், அது அடுத்த வளவுக்குள் நுழைகிறது. தண்ணீர் இல்லாமல் கூண்டில் கிடந்து சாக விடுவதும் பாவம். காலை மாலை இரண்டு வேளையும் பார்க்க ஆளிருந்தால் மட்டும் கூண்டு.

பசை அட்டையை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. எலி மணிக்கணக்காகத் துடிக்கும். இந்திய விலங்கு நல வாரியமும் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் சீக்கிரமே தூசி படிந்து பிசுபிசுப்பும் போய்விடும், அதற்குள் மாட்டுவது பல்லியும் குருவியும்தான். ஒலி எழுப்பும் கருவி சுவரைத் தாண்டாது, எலிக்கும் சீக்கிரம் பழகிவிடும். அந்தக் காசுக்கு ஆறு பொறி வாங்கலாம்.

அடைப்பு

வருஷத்தில் பத்து மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு மருந்தும் சரி, பொறியும் சரி, இரண்டும் பயனில்லை. தினம் பார்க்க ஆளில்லாத இடத்தில் நிற்பது அடைப்பு மட்டும்தான். கட்டைவிரல் நுழையும் துளையில் எலி நுழையும், பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி.

முதலில் பார்க்க வேண்டியது முற்றத்துத் தூம்பு. மழைநீரைத் தெருவுக்குக் கொண்டுபோகும் அந்தக் கல்வழியே எலிக்கு ராஜபாட்டை. 6 மில்லிமீட்டர் கண் வைத்த கெட்டி இரும்பு வலையைச் சட்டத்தில் கட்டி, கழற்றும்படி பொருத்துங்கள். நிரந்தரமாகப் பூசிவிட்டால் ஐப்பசி மழையில் சருகு அடைத்து முற்றமே குளமாகும். சுவர்த் துளையில் ஸ்டீல் நாரைத் திணித்து, மேலே உடைந்த கண்ணாடித் துண்டு கலந்த சுண்ணாம்புக் கலவை. சிமெண்ட் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி, சுற்றியுள்ள பூச்சை உரித்துவிடும். கதவின் அடியில் தகரப் பட்டை அடியுங்கள். ஓட்டுக்கு ஒரு மீட்டருக்குள் வரும் மாமரக் கிளை, முருங்கைக் கிளை எல்லாவற்றையும் வெட்டுங்கள். நாட்டு ஓட்டுக் கூரை முழுவதையும் அடைக்க யாராலும் முடியாது, ஏறும் வழியைத்தான் அறுக்க முடியும்.

பலகாரம் போடும் அடுப்படிக்கு ஒரு வார்த்தை. உளுந்து மூட்டையும் மாவும் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். சுவரோரம் விளக்குமாறு போகும் இடைவெளி இருந்தால்தான் புழுக்கை கண்ணில் படும். புழுக்கையைக் காய்ந்தபடியே கூட்டாதீர்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடையுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும், காலிலுள்ள சிறு கீறல் போதும், உள்ளே நுழைந்துவிடும். மழைக்காலத்தில் பின்கட்டில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு வீட்டைத் திறக்கிறீர்கள் என்றால் மூன்று வாரம் கையில் வேண்டும். முதல் வாரம் வெளித்துளைகளை அடைத்து, எலி அதிகம் போய்வரும் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். இரண்டாம் வாரம் இரை பழக்கி, பொறியை ஏற்றி, மாட்டியதைத் தினமும் காலையில் எடுங்கள். மின்கம்பியையும் அப்போதே எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். எலி உரித்த கம்பிமேல் சீரியல் பல்பு மாட்டினால் தீ பிடிக்கும். மூன்றாம் வாரம் மறுபடி கோலமாவு. மூன்று ராத்திரி தொடர்ந்து தடமில்லை என்றால் விட்டுவைத்த அந்தக் கடைசித் துளையையும் பூசிவிடலாம்.