தேதிவாரிப் பதிவுகளிலிருந்து மாதக் கூட்டுத்தொகை: மாங்காய் மண்டிக் கணக்கில் எக்செலும் பாண்டாஸும்

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றின் வரத்துக் கணக்கைப் பல பருவங்களாக எக்செலில் பராமரித்து வருகிறேன். அண்மைக் காலமாக அதே பதிவுகளைப் பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் தொகுப்பிலும் ஓட்டிப் பார்க்கிறேன். வந்து இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி. அதில் தேதி, விவசாயி எண், ரகம், நிகர எடை, கிலோ விலை, தொகை ஆகியவை இருக்கும். கமிஷன் கணக்கிடுவதற்கும், தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணத்தைக் கழிப்பதற்கும், கூழ் ஆலைக்கு அனுப்பிய பெங்களூரா ரகச் சரக்கைச் சரிபார்ப்பதற்கும் மாதக் கூட்டுத்தொகை வேண்டியிருக்கிறது. கூட்டலில் இரண்டு மென்பொருள்களும் குறை வைப்பதில்லை. எந்த வரி எந்த மாதத்தில் விழுகிறது என்பதை உறுதி செய்வதுதான் பெரும்பாலான வேலை என்பது என் கருத்து.

எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. 2023 ஜூன் 30 அதற்கு 45107. அன்று மாலை ஆறு மணி 45107.75. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஜூன் 5 என்று கருதி நாம் தட்டும் 05/06/2023 மே 6 ஆகிவிடும். 13/06/2023 என்பதற்குப் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். இதனால் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் சரக்கு பல மாதங்களில் சிதறிப்போக, மீதி நாள் சரக்கை, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம் எந்த எச்சரிக்கையும் இன்றிக் கூட்டாமல் விட்டுவிடும். எழுத்தாக நின்ற தேதி பொதுவாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் என்றாலும், கண்ணை மட்டும் நம்பாமல், பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து இஸ்நம்பர் (ISNUMBER) சூத்திரத்தால் ஒவ்வொரு தேதியும் எண்தானா என்று சோதித்துவிடுவது நல்லது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2023-06-05 என்று பதிவு செய்தால் இந்தக் குழப்பம் பிறப்பதே இல்லை. பாண்டாஸிலும் நாள் முதலில் வரும் கோப்பைப் படிக்கும்போது அதை நாமே சொல்லியாக வேண்டும்.

வரிகளை வகைவாரியாகக் கூட்டிச் சுருக்கிக் காட்டும் எக்செலின் பிவோட் டேபிள் இந்த வேலைக்கு மிகச் சிறந்த கருவி. எக்செல் 2016 முதல் தேதிப் பத்தியை உள்ளே இழுத்துவிட்டாலே அது மாதவாரியாகத் தொகுத்துக் கொடுக்கிறது. ஆனால் கையால் தொகுக்கும்போது மாதத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால், எல்லா ஆண்டுகளின் ஜூனும் ஒரே ஜூனாகச் சேர்ந்துவிடும். ஒரு பருவத்தை அடுத்த பருவத்தோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் ஆண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிவோட்டுக்குப் பதில் சம்இஃப்ஸ் சூத்திர வழியை விரும்புகிறவர்கள் எடைமேடைக் கோப்பை மனத்தில் கொள்ள வேண்டும். அதில் தேதியோடு நேரமும் சேர்ந்து வரும். 'ஜூன் 30க்குச் சமம் அல்லது அதற்குக் குறைவு' என்று நிபந்தனை எழுதினால், அது அந்த நாள் தொடங்கும் நள்ளிரவையே குறிப்பதால், அதற்குப் பின் அன்று எடை போட்ட அத்தனை வண்டிகளும் கணக்கிலிருந்து விடுபடும். 'ஜூலை 1க்குக் குறைவு' என்று எழுதினால் முழு நாளும் அடங்கும். பருவத்தின் உச்சத்தில் ஒரு நாள் வரத்து விடுபடுவது ஒரு விவசாயியின் உழைப்பே கணக்கில் விடுபடுவதாகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாங்காய்க்கு வரத்தே இல்லாத மாதங்கள் உண்டு. பாண்டாஸில் காலவாரியாகத் தொகுக்கும் ரீசாம்பிள் (resample) கட்டளை முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடைப்பட்ட எல்லா மாதங்களையும் வரிசையாகக் காட்டி, வெற்று மாதத்துக்குச் சுழியம் போடும். மாதப் பத்தி ஒன்றை உருவாக்கி, ஒரே மதிப்புள்ள வரிகளைச் சேர்க்கும் குரூப்பை (groupby) கட்டளையைக் கொடுத்தால் பதிவுள்ள மாதங்கள் மட்டுமே வரும். வரைபடத்துக்கு முன்னதும் கமிஷன் பட்டியலுக்குப் பின்னதும் எனக்குப் பொருத்தமாக இருக்கின்றன. 2024 ஜனவரியில் வந்த பாண்டாஸ் 2.2 பதிப்பு முதல், ரீசாம்பிளில் மாத இறுதியைக் குறிக்க 'எம்' (M) என்ற பழைய குறியீட்டுக்குப் பதிலாக 'எம்இ' (ME) என்று எழுதச் சொல்கிறார்கள். பழைய நிரல்களை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

எங்கள் தோட்டக்காரர்களிடம் பேசும்போது மே, ஜூன் என்றால் போதாது. "வைகாசியில எவ்வளவு இறக்குனேன், ஆனியில எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறக்கிறது, பிறக்கும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, மாதப் பிறப்புத் தேதியையும் மாதப் பெயரையும் ஏறுவரிசையில் ஒரு சிறு அட்டவணையாக எழுதி, அட்டவணையில் தேடி எடுக்கும் வீலுக்கப் (VLOOKUP) சூத்திரத்தின் தோராயப் பொருத்தத்தால், அதாவது வரியின் தேதிக்கு முந்தைய அல்லது அதே நாளில் வரும் கடைசி மாதப் பிறப்பைப் பிடித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழ் மாதத்தை வரவழைக்கிறேன். பாண்டாஸில் இதையே மெர்ஜ்அஸ்ஆஃப் (merge_asof) கட்டளை செய்துவிடுகிறது. பிறகு அந்தப் பத்தியையும் ஆண்டையும் வைத்துப் பிவோட் போட்டால், விவசாயி கேட்ட மொழியிலேயே விடை கிடைக்கிறது. நான் இந்த மென்பொருள்களிடம் பெற்றவற்றுள் மிகவும் மதிப்பது இதைத்தான்.

மாத சராசரி விலைக்கு மட்டும் விலைப் பத்தியின் சராசரியை எடுக்கக் கூடாது. இருநூறு கிலோ ஆட்டோவும் பத்து டன் லாரியும் அங்கே சம முக்கியத்துவம் பெற்றுவிடும். பிவோட்டில் தொகையை எடையால் வகுக்கும் கணக்கிட்ட புலம் (calculated field) ஒன்றைச் சேர்த்தால், எக்செல் முதலில் இரண்டையும் மாதவாரியாகக் கூட்டி, அதன் பிறகே வகுக்கிறது. மண்டியில் பேசப்படும் உண்மையான சராசரி விலை அந்தப் புலத்தில்தான் கிடைக்கும்.